மலைக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

ஜெயந்தா என்ற பெயரைப் பத்மாசனி முதன்முதலில் கேட்டது கிணற்றடியில். இடம்பெயர்ந்து அலைந்த சனம் புங்குடுதீவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. மடத்துவெளியில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. பத்மாசனி வாளியை அரைக்கிணறு இழுத்திருப்பாள், பக்கத்து வளவு ஆச்சிமுத்து வேலிப்பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

"சங்கதி கேள்விப்பட்டனீரே? உம்மட தம்பி அங்க மலைநாட்டில ஆரோ ஜெயந்தாவாம், கொழுந்து பறிக்கிற பெட்டையாம், தாலியைக் கட்டிப்போட்டானாம்."

பத்மாசனி வாளியை விடவில்லை. மேலே இழுத்து, தளும்பாமல் குடத்தில் வார்த்து, பிறகுதான் கேட்டாள்.

"ஆற்றை பெட்டையாம்?"

யாருடைய பிள்ளை, எந்தக் குலம் என்று கேட்கிற கேள்வி அது. மலைநாட்டுச் சனத்தின் ஆதி அந்தம் மடத்துவெளியில் யாருக்குத் தெரியும்? தெரியாதது ஒன்றே போதுமாயிருந்தது, அந்தப் பெயர் பத்மாசனியின் வாயில் வராமல் போவதற்கு.

குழந்தைவேலருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் வாமதேவன் கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நடுவில் பத்மாசனி. கடைசி சிவகுமரன். அவனுக்கு ஏழு வயதில் தாய் கண்ணை மூடியதால் அவனைக் குளிக்கவார்த்து, தலை துவட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காள்தான். புங்குடுதீவாருக்குக் கடை இல்லாத பட்டினம் இந்த நாட்டில் குறைவு. தாயின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நுவரெலியாப் பக்கம் லபுக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் சிவகுமரன் அங்கே வேலைக்குப் போனான். போனவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான்.

பத்மாசனிக்குப் பேசிவந்த கலியாணங்களை இடப்பெயர்வு ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது. அவளுக்கு மிஞ்சியது தகப்பன் வளவும் அந்தக் கிணறும். குழந்தைவேலர் வளவுக் கிணறு என்றால் நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஊருக்கே தெரியும். நல்ல தண்ணீர் என்பது தீவாருக்கு நல்லது. வெளியூரார் வாயில் வைத்தால் சாடையாக உவர்க்கும். காலையில் சைக்கிள் கரியரில் ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு என்று மூன்று பிளாஸ்டிக் கான் கட்டி, ஏலாத ஆட்களின் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலடிக்கும் கொண்டுபோய் இறக்குவாள். முப்பது வருடமாக அதுதான் அவள் தொழில். தெருவில் குழாய் வந்த பிறகும், தேத்தண்ணிக்குப் பத்மாக்காவின் தண்ணீர்தான் வேண்டும் என்கிற வீடுகள் இருக்கின்றன.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் கண்டி வீதி திறந்திருந்த காலம். சிவகுமரன் பெண்சாதியையும் ஐந்து வயது மகள் சிவதர்சினியையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து நின்றான். சொல்லியிருந்தால் அக்காள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். உச்சி வெயில். குழந்தை தாகத்தில் அழுதது. ஜெயந்தா பையை முற்றத்தில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் வாளியில் கையை வைத்தாள்.

"வாளியைத் தொடவேண்டாம்" என்றாள் பத்மாசனி. "நான் அள்ளித் தாறன்."

அள்ளினாள். ஏனத்தில் வார்த்துக் கொடுக்கவும் இல்லை. ஜெயந்தா இரண்டு கையையும் சேர்த்து ஏந்த, மேலே இருந்து ஊற்றினாள். குழந்தை முதலில் குடித்தது, பிறகு தாய் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். பின்னேர பஸ்ஸில் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் பத்மாசனி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்து வீட்டார் குடிக்கிற கிணறு, பார்க்கத்தானே வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வருடங்கள் போகப் போகத்தான் அது வேலையைக் காட்டியது. யார் வீட்டிலாவது கானைச் சரித்து ஊற்றும்போது, தேயிலைக் கறை ஏறி நகக்கண் கறுத்த அந்த இரண்டு கையும் குடத்தின் வாயில் வந்து ஏந்திக்கொண்டு நிற்கும். தம்பி பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசி எடுப்பான். ஜெயந்தா ஒருநாளும் பேசியதில்லை. பத்மாசனியும் அவளைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்க முகமில்லை.

போன வருடம் சித்திரையில் தம்பி பொங்கலும் இல்லாமல் எடுத்தான்.

"அக்கா, பிள்ளைக்கு ஆனி பதினாறில கலியாணம் வைச்சிருக்கு."

"ஆற்றை பெடியன்?"

அவன் சிரித்தான். "நீங்கள் மாறவே மாட்டியள். அனுஷன் எண்டு பேர். இஞ்ச பக்கத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறான், நல்ல பெடியன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எங்கட முறைப்படி பாலறுகு வைக்கவேணும் எண்டு எனக்கொரு ஆசை. என்ர பக்கத்தில மாமி எண்டு உங்களை விட்டால் ஆருமில்லை. கலியாணத்தண்டு காலமை ஒன்பதுக்கு."

கலியாணப் பொம்பிளையைப் பலகையில் இருத்தி, பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து, முழுக வார்ப்பதுதான் பாலறுகு. தகப்பனின் கூடப்பிறந்தவளுக்கு அதில் உரிமை உண்டு.

"அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

வா என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்மாசனி இரண்டு கிழமை நித்திரை கொள்ளவில்லை. முதல்நாளே போய் அந்த வீட்டில் படுத்தெழும்பி, அவள் கையால் எந்த முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டு இருப்பது? போகாமல் விட்டால், ஐம்பத்தெட்டு வயதுக்கு மேலே இனி எப்போது?

வழி கம்சாயினியின் உருவில் வந்தது. கம்சாயினி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். தீவகத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஞாயிறு தோறும் வேலணைக் கடற்பாலத்தில் சைக்கிள் ஓடுவிப்பாள். அந்த ஆனியில் சைக்கிள்களை லொறியில் கம்பளைக்கு ஏற்றி, அங்கேயிருந்து மூன்று நாளில் நுவரெலியாவுக்கு ஓடுவது அவர்களுடைய திட்டம். மூன்றாம் நாள் ஆனி பதினாறு. வழியில் லபுக்கலை.

"நானும் வரலாமோ பிள்ளை?" என்று தண்ணீர் இறக்கப்போன இடத்தில் பத்மாசனி கேட்டாள்.

"அக்கா, அது மலை. ஏறவேணும்."

"நீர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சோளகக் காத்தில பாலத்தில நிண்டு தள்ளாடேக்க, மூண்டு கானோட உங்களை முந்திக்கொண்டு போனது ஆர்?"

கம்சாயினியால் மறுத்துப் பேச ஏலவில்லை. நடந்தது அதுதான்.

கியர் சைக்கிள் ஒன்று இரவல் தருகிறோம் என்றார்கள். பத்மாசனி தன் கறுத்த லேடீஸ் சைக்கிளைத்தான் லொறியில் ஏற்றினாள். கரியரில் பத்து லீற்றர்க் கான் ஒன்றும் இருந்தது. தீவார் வெளியூர் போனால் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவது வழமைதான், ஆகையால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களின் போத்தல்கள் கம்பளையிலேயே முடிந்துவிட்டன. அந்தக் கானின் மூடியை மட்டும் அவள் திறக்கவில்லை. இரண்டு நாள் அதோடு ஏறினாள்; தாங்காத ஏற்றங்களில் கானை லொறியில் வைக்கச் சொன்னார்கள், அவள் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு இறம்பொடையில் தங்கினார்கள். மழை ஓட்டில் இரைந்துகொண்டே இருந்தது. விடிய ஐந்தரைக்கு எழும்பினால், முன்னால் இருந்த மலை முழுக்க வெள்ளைக் கோடு கோடாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஊரில் அந்த நேரம் கிணறு அடி தெரியக் கிடந்தது. இங்கே கல்லில் இருந்து வருகிறது, வேரில் இருந்து வருகிறது, தெருவே ஆறாய் ஓடுகிறது. பத்மாசனி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். எல்லாம் வீணாய்ப் போகிறதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

தங்குமிடத்துக்காரர் வந்து சொன்னார்: லபுக்கலைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்துவிட்டது, பஸ் லொறி ஒன்றும் போகவில்லை.

"அப்ப இண்டைக்கு ஓட்டமில்லை" என்றாள் கம்சாயினி. "எல்லாரும் படுங்கோ."

திரும்பிப் பார்த்தால் பத்மாசனி கரியரில் கானை வைத்து, பழைய ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"ஒன்பது மணிக்கு நான் அங்க நிக்கவேணும்."

கம்சாயினி வாதாடிப் பார்த்தாள். பிறகு மழை அங்கியைப் போட்டுக்கொண்டு தன் சைக்கிளையும் எடுத்தாள். ஒரு மனிசியைத் தனியே மலையில் விட்டுவிட்டு வந்தேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்ல ஏலுமா?

பன்னிரண்டு கிலோமீற்றர் என்றார்கள். மடத்துவெளியில் அது ஒரு தூரமே இல்லை. ஆனால் தீவில் பிறந்தவளுக்கு ஏற்றம் என்றால் என்ன என்று கால் சொல்லித்தரவில்லை. அவளுக்குத் தெரிந்த பகை காற்று ஒன்றுதான். பாலத்தில் சோளகம் முகத்தில் அறையும்போது தலையைக் குனிந்து சைக்கிள் காண்டிலோடு ஒட்டி மிதிக்கவேண்டும். இறங்கக் கூடாது; இறங்கினால் சைக்கிளோடு சாய்த்துவிடும். காற்று மூச்சு வாங்குகிற இடம் ஒன்று வரும், அதில் எட்டி மிதித்தால் பாதிப் பாலம் போய்விடும். முதல் இரண்டு நாளும் அவள் அப்படித்தான் ஏறினாள், அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினாள். தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து, மூச்சு வாங்குகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டு மிதித்தாள். ஒரு வளைவு போனது, இரண்டு வளைவு போனது. மலை மூச்சு வாங்கவில்லை. நாலாம் வளைவில் பெடல் மேலே வந்து அப்படியே நின்றது. கான் பின்னுக்கு இழுக்க, சைக்கிள் முன்சில்லைத் தூக்கியது.

"இறங்குங்கோ அக்கா!" கம்சாயினி கத்தினாள். "இது காத்து இல்லை. இறங்கினால் ஒண்டும் செய்யாது, நிண்ட இடத்தில நிக்கும்!"

பத்மாசனி இறங்கினாள். சைக்கிள் சாயவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. முப்பது வருடமாக இறங்காமல் மிதித்த மனிசிக்கு, இறங்கி நிற்பது என்னவோ செய்தது.

"இனி உருட்டுவம்" என்றாள் கம்சாயினி. உருட்டத் தொடங்கியதும் கான் அவள் கண்ணில் பட்டது. "அதுசரி, இதுக்குள்ள என்ன, தங்கமோ?"

"தண்ணி."

"தண்ணியோ!" கம்சாயினி மழையில் நனைந்தபடி வாய்விட்டுச் சிரித்தாள். "மேல பாருங்கோ, கீழ பாருங்கோ. உலகத்திலயே ஒரு ஆள்தான் இந்த மழைக்குள்ள மலைக்குத் தண்ணி கொண்டு போறது. அது எங்கட ஊர் ஆளாத்தான் இருக்கும்."

பத்மாசனி சிரிக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆச்சிமுத்து சொன்ன சங்கதியில் தொடங்கி, வாளியைத் தொடவேண்டாம் என்றது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. யாருக்கும் சொல்லாத கதை அது. கம்சாயினி சிரிப்பை விட்டுவிட்டாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் அவவின்ர பிள்ளைக்கு வாக்கவேணும் எண்டு நினைச்சனான்" என்று முடித்தாள் பத்மாசனி. "வேற என்னத்தைக் கொண்டு நான் அந்த வாசலில போய் நிக்கிறது?"

மண் சரிந்த இடத்துக்கு வர ஏழரை. தெரு இருந்த இடத்தில் செம்மண்ணும் பாறையும் தேயிலைச் செடியும் குவிந்து கிடந்தன. இயந்திரம் ஒன்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. அது ஓயும் வரைக்கும் ஒருவரையும் விட ஏலாது என்றார்கள். எட்டு மணி ஆனது. எட்டரை. பத்மாசனி கானின் மேல் கையை வைத்துக்கொண்டு, மழைக்குள் நின்றாள். ஒன்பது மணிக்குத்தான் ஒரு வேலைக்காரர் கையைக் காட்டினார்.

"சைக்கிள நாங்க தூக்கித் தர்றோம். நீங்க வெறுங்கையோட பாத்து வாங்கம்மா. அந்தக் கேன ஊத்திருங்க, சேத்துல கால் வழுக்கும்."

"ஊத்திப்போட்டு வாங்கோ அக்கா" என்று கம்சாயினியும் காதோடு சொன்னாள். "அங்கால போய் இந்த அருவியில நிரப்புவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"குடிச்சவவுக்குத் தெரியும்."

"இருவத்திரண்டு வருசம், அக்கா!"

"ஏந்திக் குடிச்ச தண்ணியின்ர ருசி மறக்குமோ, பிள்ளை?"

கானை அவிழ்த்து, குடம் வைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நடுவழியில் கால் புதைந்தது. விழுந்தாள். கான் அவளுக்கு முன்னால் உருண்டு ஒரு கல்லில் மோதி நின்றது; மூடி வெடித்து, தண்ணீர் செம்மண்ணில் கொட்டத் தொடங்கியது. அவள் முழங்காலில் தவழ்ந்துபோய் அதை நிமிர்த்துவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வேலைக்காரர் ஓடிவந்து கையைக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன் சாப்பாடு சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, கானின் வாயைக் கட்டிக் கொடுத்தார்.

அதற்கு மேல் ஏற்றம் குறையவில்லை. பத்மாசனி மிதிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. உருட்டினாள். மீதி இருந்த தண்ணீரில் ஒருவரைக் குளிக்கவார்க்க ஏலாது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வாசலில் இரண்டு வாழை கட்டியிருந்த அந்த வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நேரம் பத்தே முக்கால். சிவகுமரன் குடையையும் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா! பார்த்துப் பார்த்து நிண்டனாங்கள். ஐயர் நேரம் போகுது எண்டார். ஒன்பதரைக்கு முழுக வார்த்திட்டம்."

"ஆர் வார்த்தது?"

"அவவின்ர தமையன்ர பெண்சாதி."

பத்மாசனி தலையை ஆட்டினாள். இதற்குத்தான் வந்தாள், இது முடிந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பலாமா என்றுகூட அவள் கை காண்டிலில் அசைந்தது. அப்போதுதான் ஜெயந்தா வாசலுக்கு வந்தாள். பட்டுச் சேலை, பாதி பின்னிய தலை, காதோரம் நரை. வாருங்கள் என்று சொல்லவில்லை. சேறு பூசிய மனிசியைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பொலித்தீன் கட்டிய கானைப் பார்த்தாள்.

"அது என்னாங்க?"

"தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணி. பிள்ளைக்கு வாக்க எண்டு கொண்டந்தனான். வழியில பாதி போட்டுது. நானும் பிந்திப்போனன்."

ஜெயந்தா படி இறங்கி மழைக்குள் வந்தாள். கானுக்குக் கிட்ட நின்று, பத்மாசனியின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள்:

"நான் தொடலாங்களா?"

சிவகுமரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மலை ஏறும்போது பத்மாசனி எத்தனையோ சொல் கட்டி வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டு, கானைச் சைக்கிளிலிருந்து இறக்கி அவள் முன்னால் வைத்தாள்.

"அதுக்குத்தான் கொண்டந்தனான், மச்சாள்."

தம்பி பெண்சாதியை முறை சொல்லி மச்சாள் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜெயந்தா குந்தி இருந்து பொலித்தீனை அவிழ்த்தாள். கானைச் சரித்து உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்திக் குடித்தாள். வாய்க்குள் வைத்திருந்து பிறகுதான் விழுங்கினாள்.

"உப்புத்தான்" என்றாள். "அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ, மறந்தேன் என்றோ ஒரு சொல் இல்லை. கானை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது: "அண்ணிக்கும் கூட வந்த பொண்ணுக்கும் துண்டு குடுங்க. அடுப்புல சுடுதண்ணி இருக்கு. கட்டிக்க என்னோட சேலை ஒண்ணு எடுத்துக் குடுங்க."

கலியாணம் தோட்டத்து அம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. பத்மாசனி ஜெயந்தாவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். சிவதர்சினி மணவறைக்குப் போகும் வழியில் நின்று குனிந்து, "மாமின்னு கூப்பிடணும்னு அப்பா சொன்னாங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். பிறகு கன்னிகாதானம் வந்தது. தகப்பன் பொம்பிளையின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் மேலே நின்று தண்ணீர் தாரை வார்க்கவேண்டும். ஐயர் செம்பை நீட்டினார். செம்பு வெறுமையாக இருந்தது. ஜெயந்தா மணவறைக்குப் பின்னால் குனிந்தாள். அங்கே பொலித்தீன் கட்டிய கான் நின்றது. அதைச் சரித்துச் செம்பை நிரப்பினாள்.

மேளம் உரத்தது. மூன்று பேரின் கைகளுக்கு மேல் ஜெயந்தா தாரை வார்த்தாள், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். வார்க்கும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. பத்மாசனி கதிரையை விட்டு எழும்பி நின்று, அந்தத் தண்ணீர் விரல்களுக்குள்ளால் வழிந்து தட்டில் விழுகிறதைக் கடைசித் துளி வரைக்கும் பார்த்தாள். மாமியின் உரிமை கை நழுவிப்போனது போனதுதான். தண்ணீர் போகவேண்டிய கைக்குப் போயிருந்தது.

அடுத்த நாள் மழை விட்டது. கம்சாயினியின் ஆட்கள் வந்து சேர, பத்மாசனி அவர்களோடு நுவரெலியா வரைக்கும் ஏறினாள். ஏற்றம் வந்த இடமெல்லாம் இறங்கி உருட்டினாள்.

ஜெயந்தா இப்போது லபுக்கலையில் இருக்கிறாள். பொங்கலுக்குத் தம்பி எடுத்தபோது தொலைபேசியை வாங்கி இரண்டு வார்த்தை கதைத்தாள், தீவுக்கு இன்னும் வரவில்லை. பத்மாசனி மடத்துவெளியில் தகப்பன் வளவில் தனியாக இருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் கிணற்றடியில் அவளைக் காணலாம்.